கேனான் 1500டி-க்கு 15 ஆயிரத்துக்குள் டெலி ஜூம்: 300 வாங்குறதா, 250 வாங்குறதா?

பென்னாகரம்_பஸ்

எல்லாருக்கும் வணக்கம். கையில் இருப்பது கேனான் 1500டி, அதோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ். தூரத்தில் இருப்பதை எடுக்க ஒரு ஜூம் லென்ஸ் வேணும். பட்ஜெட் 15 ஆயிரம். ஐநூறு, ஆயிரம் கூடினால் பரவாயில்லை, இருபதைத் தொட முடியாது.

போவது பஸ்ஸிலும் பைக்கிலும்தான், அதனால் எடை முக்கியம். எடுக்க நினைப்பது: ஒகேனக்கல் தொங்கு பாலத்தில் இருந்து பரிசல், கிருஷ்ணகிரி அணையில் பறவைகள், ஓசூர் சந்திரசூடேஸ்வரர் கோயில் கோபுரச் சிற்பங்கள், தை மாசியில் எருது விடும் விழா. தீர்த்தமலை, வத்தல்மலை பக்கமும் போவோம்.

பார்த்து வைத்திருப்பவை மூன்று. கேனான் 75-300 த்ரீ (மூன்றாம் பதிப்பு), புதுசு. டேம்ரான் 70-300 மேக்ரோ. கேனான் 55-250 எஸ்டிஎம் (சத்தமில்லாத ஃபோகஸ் மோட்டார் வகை), இது செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும் போல. கடையில் கேட்டால் "300 எடுங்க தம்பி, பவர் ஜாஸ்தி" என்கிறார்கள். 250-க்கும் 300-க்கும் நிஜமாகவே அவ்வளவு வித்தியாசமா? கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

தகடூர்_ஒளி

55-250 எஸ்டிஎம். மற்ற இரண்டையும் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன், கடைக்காரர் மறுபடி "பவர்" என்று ஆரம்பித்தால் உதவும்.

உங்கள் கேமரா சென்சாரின் அகலம் 22.3 மி.மீ. 100 மீட்டர் தள்ளி நிற்கும் பொருளை 250-ல் பார்த்தால் ஃப்ரேமுக்குள் 8.9 மீட்டர் அகலம் விழும். 300-ல் 7.4 மீட்டர். இரண்டரை மீட்டர் விட்டமுள்ள பரிசல் ஒன்று 250-ல் ஃப்ரேமில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே நிறையும், 300-ல் மூன்றில் ஒரு பங்கு. வித்தியாசம் அவ்வளவுதான். 250-ல் எடுத்ததை 300 அளவுக்கு கிராப் செய்தால் உங்கள் 24 மெகாபிக்சலில் கிட்டத்தட்ட 17 மிஞ்சும். ஏ4 அளவில் நல்ல பிரிண்ட் போட 9 மெகாபிக்சல் போதும்.

அடுத்தது கை நடுக்கம். ஸ்டெபிலைசர் இல்லாத லென்ஸை 300-ல் கையில் பிடித்து எடுக்கும்போது, சிறிய சென்சாரால் படம் 1.6 மடங்கு நெருங்கித் தெரிவதையும் (1.6 கிராப்) சேர்த்தால் ஷட்டர் குறைந்தது 1/500 விநாடி வேண்டும். 55-250 எஸ்டிஎம்-க்கு மூன்றரை ஸ்டாப் ஸ்டெபிலைசேஷன் என்று கம்பெனி சொல்கிறது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்லது பாதி). இரண்டு, இரண்டரை ஸ்டாப் என்றே வைத்துக்கொண்டாலும் 1/80, 1/100-ல் அசையாத பொருள் கூர்மையாக வரும். அந்த இரண்டு ஸ்டாப்பை ஐஎஸ்ஓ-வில் (சென்சாரின் ஒளி உணர்திறன்) சரிக்கட்ட வேண்டும் என்றால் 400-க்குப் பதில் 1600. சாயங்கால வெளிச்சத்தில் கோபுரம் எடுக்கும்போது இது பளிச்சென்று தெரியும்.

ஸ்டெபிலைசர் உங்கள் கையைத்தான் நிறுத்தும், ஓடும் எருதை நிறுத்தாது. எருதுக்கும் பறக்கும் கொக்குக்கும் 1/1000 வைத்தே ஆக வேண்டும். அங்கேயும் ஒரு லாபம் இருக்கிறது: வியூஃபைண்டரில் படம் ஆடாமல் நிற்பதால் நடு ஃபோகஸ் புள்ளியைப் பொருளின் மேலேயே வைத்திருக்க முடியும்.

இனி 75-300. பழைய டிசைன், ஸ்டெபிலைசர் கிடையாது. 300 முனையில் முழுசாகத் திறந்து எடுத்தால் படம் மழுங்கல்தான். வெளிர் வானத்துக்கு எதிரே இலை, கம்பி, கோபுரக் கலசம் எது வந்தாலும் விளிம்பில் ஊதா நிறம் ஓடும். உருப்படியாக வர லென்ஸ் துளையை (அபெர்ச்சர்) எஃப் 8, சில சமயம் எஃப் 11 வரை சுருக்கி இறக்க வேண்டும். ஆக, எந்த 300-க்காக அதை வாங்குகிறீர்களோ அந்த 300-ல்தான் அது பலவீனம். எடையும் 480 கிராம். எஸ்டிஎம் 375 கிராம்தான்.

டேம்ரான் 70-300 மேக்ரோவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: 180-லிருந்து 300 வரை மேக்ரோ சுவிட்சைப் போட்டால் பொருளின் பாதி அளவு சென்சாரில் விழும். பூச்சி, பூ எடுப்பவர்களுக்கு மலிவான வழி. ஆனால் அதிலும் ஸ்டெபிலைசர் இல்லை, ஃபோகஸ் மோட்டார் சத்தம் போட்டுக்கொண்டு மெதுவாக நகரும். எருது உங்களைத் தாண்டிப் போன பிறகுதான் ஃபோகஸ் ஆகும். டேம்ரானிலேயே விசி (ஸ்டெபிலைசருக்கு அவர்கள் வைத்த பெயர்) என்று போட்ட எஸ்பி 70-300 நல்ல லென்ஸ். 765 கிராம், பஸ் பயணத்துக்கு யோசியுங்கள்.

இன்னொரு விஷயம். எஸ்டிஎம் 85 செ.மீ. வரை கிட்டே ஃபோகஸ் ஆகும், உருப்பெருக்கம் 0.29. அதாவது ஏழே முக்கால் செ.மீ. அகலமுள்ள பொருள் ஃப்ரேமை நிறைத்துவிடும். பெரிய வண்ணத்துப்பூச்சிக்குத் தாராளம்.

ஓசூர்_ஷட்டர்

மேலே சார் சொன்னதுதான் என் ஓட்டும். செகண்ட் ஹேண்ட் எப்படிப் பார்க்கிறதுன்னு நான் சொல்றேன்.

முதல்ல எது எதுன்னு அடையாளம் தெரியணும். 55-250-ல மூணு வகை சுத்துது (ஐஎஸ்னா ஸ்டெபிலைசர்): பழைய ஐஎஸ், அப்புறம் ஐஎஸ் டூ, கடைசியா 2013-ல வந்த ஐஎஸ் எஸ்டிஎம். விக்கிறவங்க மூணையும் "55-250 ஐஎஸ்"னுதான் போடுவாங்க. முன்பக்க வளையத்துல எஸ்டிஎம்னு எழுதியிருக்கான்னு போட்டோ கேளுங்க. பழைய ரெண்டுலயும் ஃபோகஸ் பண்ணும்போது முன்கண்ணாடி சேர்ந்து சுத்தும், எஸ்டிஎம்ல சுத்தாது. கேமராவோட ரெண்டு லென்ஸ் சேர்த்துக் குடுக்கிற டபுள் கிட்ல வந்த ஐஎஸ் டூ நிறைய விற்பனைக்கு வரும். அதுவும் மோசமில்ல, ரொம்ப விலை குறைவா கிடைச்சா எடுக்கலாம். ஆனா எஸ்டிஎம் விலைக்கு அதை வாங்கிடாதீங்க.

நேர்ல போகும்போது உங்க கேமரா பாடி, சார்ஜ் ஏத்தின பேட்டரி, காலி கார்டு எடுத்துட்டுப் போங்க. பகல் வெளிச்சத்துல சந்திக்கிற மாதிரி வரச் சொல்லுங்க, பஸ் ஸ்டாண்டு டியூப்லைட்ல ஒண்ணும் தெரியாது.

லென்ஸைக் கழட்டி, ரெண்டு மூடியையும் எடுத்துட்டு, போன் டார்ச்சைப் பின்பக்கமா சாய்ச்சு அடிச்சு முன்பக்கமா பாருங்க. கேனான் லென்ஸ் கழட்டின நிலையில அபெர்ச்சர் திறந்தேதான் இருக்கும், அதனால முழுசாத் தெரியும். நாலஞ்சு தூசிப் புள்ளி இருந்தா விடுங்க, படத்துல வராது. நூல் நூலா, வேர் விட்ட மாதிரி இருந்தா ஃபங்கஸ். பால் ஊத்தின மாதிரி மங்கலா இருந்தா உள்ள படலம் படிஞ்சிருக்கு. ரெண்டுமே வேணாம். சுத்தம் பண்ற கூலி லென்ஸ் விலைல பாதி ஆயிடும்.

மவுண்ட் (கேமராவுல மாட்டுற வளையம்) பிளாஸ்டிக். அந்த மூணு காதுல எதாவது விரிசல், உடைசல் இருக்கான்னு விரல் வெச்சுத் தடவிப் பாருங்க. திருகு தலை தேஞ்சிருந்தா யாரோ திறந்திருக்காங்கன்னு அர்த்தம்.

அடுத்து பாடில மாட்டுங்க. ஃபோகஸ் வளையத்தைச் சும்மா சுத்திட்டு "இது வேலை செய்யல"ன்னு சொல்லிடாதீங்க. எஸ்டிஎம்ல அந்த வளையம் மோட்டாருக்குச் சிக்னல் மட்டும்தான் குடுக்கும். கேமரா ஆன்ல இருக்கணும், சுவிட்ச் எம்எஃப்ல (கையால ஃபோகஸ்) இருக்கணும், அப்பதான் நகரும்.

250-க்கு இழுத்து, ஸ்டெபிலைசர் ஆன் பண்ணி ஷட்டரைப் பாதி அமுக்குங்க. லேசா ஒரு சத்தம் கேட்டு, படம் மிதக்கிற மாதிரி நிக்கணும். ஆஃப் பண்ணிட்டு அதே மாதிரி பாருங்க, வித்தியாசம் தெரியணும். படம் வெட்டி வெட்டிக் குதிச்சாலோ, டக்டக்னு அடிச்சாலோ ஸ்டெபிலைசர் யூனிட் போகப் போகுது.

நிறைய பேர் விட்டுடுற சோதனை இதுதான்: ஏவி மோடுல (அபெர்ச்சரை நாம வைக்கிற மோடு) ஒரே சுவரை எஃப் 5.6, 8, 11, 16-ல எடுங்க. நாலு படமும் ஒரே வெளிச்சத்துல வரணும். இதை 55, 100, 135, 200, 250 எல்லா இடத்துலயும் பண்ணணும். உள்ள அபெர்ச்சருக்குப் போற ஃப்ளெக்ஸ் கேபிள் ஜூம் இழுக்க இழுக்க மடங்கி மடங்கி ஒரு இடத்துல விடும். அப்ப 55-ல நல்லா இருக்கும், 200-ல எர்ர் 01னு கேமரா கோளாறு காட்டும். விக்கிறவர் 55-ல வெச்சு ரெண்டு படம் எடுத்துக் காட்டிட்டு குடுத்துடுவார். முழுசாத் திறந்து எடுக்கும்போது இந்தக் கோளாறு தெரியவே தெரியாது, எஃப் 8-க்கு இறக்கினாத்தான் வரும்.

கடைசியா கண்ணாடி கோணலா இருக்கான்னு. எதிர்ல ஒரு கடை ஷட்டர் மூடி இருந்தா அருமை. நேரா நின்னு, பத்துப் பன்னெண்டு மீட்டர் தள்ளி, 250, எஃப் 5.6, ஷட்டர் 1/500-க்கு மேல வெச்சு எடுங்க. பெருசாக்கி நாலு மூலையும் பாருங்க. நாலும் ஒரே அளவு மழுங்கலா இருந்தா அது லென்ஸோட குணம். ஒரு பக்கம் மட்டும் கலங்கி இருந்தா எப்பவோ கீழ விழுந்த லென்ஸ். நீங்க நேரா நிக்காம சாய்ஞ்சு நின்னாலும் இதே மாதிரி வரும், அதனால மூணு தடவை எடுத்துட்டு முடிவு பண்ணுங்க.

ஹூட் (லென்ஸ் முன்னால மாட்டுற மறைப்பு) கேனான் கூடக் குடுக்காது, தனியா வாங்கணும். எஸ்டிஎம்-க்கு ஈடி-63. பழைய ரெண்டுக்கும் ஈடி-60, மாத்தி வாங்கிடாதீங்க.

மாந்தோப்பு_கிளி

ரெண்டு பேரும் 250-ன்னு தீர்ப்பு எழுதிட்டீங்க. அவர் பட்டியல்ல பறவையும் இருக்கே? கிருஷ்ணகிரி அணையில நீர்க்காகம் 50 மீட்டர்ல உட்கார்ந்திருக்குன்னு வைங்க. 250-ல ஃப்ரேம் அகலம் நாலரை மீட்டர். அரை மீட்டர் பறவை அதுல ஒன்பதுல ஒரு பங்கு. 6000 பிக்சல் அகலத்துல பறவைக்கு வர்றது 670 பிக்சல். வாட்ஸ்ஆப்ல போடலாம், வேற எதுக்கும் ஆகாது.

பறவை நிஜமாவே முக்கியம்னா கேனான் எஸ்எக்ஸ்70 மாதிரி ஒரு பிரிட்ஜ் கேமரா செகண்ட் ஹேண்ட்ல தேடிப் பாருங்க. 1365 மி.மீ.-க்குச் சமமான ஜூம், 610 கிராம், லென்ஸ் மாத்துற வேலையே இல்லை.

தகடூர்_ஒளி

கிளியார் கணக்கு சரி. பறவைக்கு மட்டும் என்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் எஸ்எக்ஸ்70-ன் சென்சார் விரல் நகத்தைவிடச் சிறியது, ஜூம் முனையில் அபெர்ச்சர் எஃப் 6.5. வெயிலில் படம் நன்றாக வரும். பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் அதிகாலை ஆறு மணிக்கு ஐஎஸ்ஓ ஏற ஏற இறகு எல்லாம் குழைந்துவிடும். ஓடும் எருதை அந்தச் சின்னத் திரை வியூஃபைண்டரில் துரத்துவதும் லேசல்ல. இவருடைய ஐந்து வேலைகளில் ஒன்றுக்காக மற்ற நான்கை விட வேண்டியதில்லை.

பறவைக்கு 250-ஐ வைத்துக்கொண்டே செய்யக்கூடியது, தூரத்தைக் குறைப்பது. 50 மீட்டர் 25 ஆனால் பிக்சல் இரண்டு மடங்கு, அதாவது 500 மி.மீ. லென்ஸ் வாங்கியதற்குச் சமம். கரையோரம் உட்கார்ந்து, அசையாமல், பறவை தானாகக் கிட்டே வரும் வரை இருப்பதுதான் வழி. நின்றுகொண்டு நடந்தால் கொக்கு எழும்பிவிடும், குந்தி உட்கார்ந்தால் அவ்வளவு பயப்படாது. அணையின் பரப்பில் காலை பத்து மணிக்கு மேல் கானல் ஆட ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு லட்ச ரூபாய் லென்ஸ் வைத்தாலும் தூரத்துப் பறவை நெளிந்துதான் வரும். படம் மழுங்கலாக வந்தால் உடனே லென்ஸைத் திட்டாதீர்கள், அதே லென்ஸில் 15 மீட்டரில் இருப்பதை எடுத்துப் பாருங்கள். அது கூர்மையாக வந்தால் குற்றம் காற்றின் மேல்.

டெலிகன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி ஜூமைக் கூட்டும் கண்ணாடி) போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கேனானின் எக்ஸ்டெண்டர் இந்த லென்ஸில் பொருந்தாது. வேறு கம்பெனியின் 1.4 எக்ஸ் மாட்டினாலும் எஃப் 5.6 எஃப் 8 ஆகிவிடும், 1500டி-யின் ஃபோகஸ் அதில் தடுமாறும். முன்னால் திருகி மாட்டும் "2.2 எக்ஸ் டெலி" என்று ஆன்லைனில் விற்கும் கண்ணாடியைத் தொடவே வேண்டாம்.

பென்னாகரம்_பஸ்

அண்ணன்களுக்கு ரொம்ப நன்றி. 55-250 எஸ்டிஎம் என்றே முடிவு. இன்னும் மூணு சந்தேகம். யூவி ஃபில்டர் கட்டாயமா? ஒகேனக்கல் சாரலில் லென்ஸ் தாங்குமா? எருது விடும் விழாவுக்கு செட்டிங் என்ன? பின்னால் மிரர்லெஸ் வாங்கினால் இந்த லென்ஸ் வீணாகுமா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஓசூர்_ஷட்டர்

மிரர்லெஸ்: ஆர்50, ஆர்10 எது வாங்கினாலும் கேனானோட ஈஎஃப்-ஈஓஎஸ் ஆர் அடாப்டர் போட்டா ஃபோகஸ், ஸ்டெபிலைசர் எல்லாம் வேலை செய்யும். ஆனா ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆர்ல, 6டி மாதிரி பாடில, இது மாட்டவே மாட்டாது.

யூவி: வேணாம்கிறது என் கருத்து. 18-ல தெரியாத கோளாறு 250-ல தெரியும். முந்நூறு ரூபா ஃபில்டர் கண்ணாடி சமமா இருக்காது, டெலி முனையில கூர்மையைத் தின்னுடும், சூரியன் எதிர்ல இருந்தா வெள்ளையாப் பூத்துடும். அந்தக் காசுக்கு ஹூட் வாங்குங்க. இடிச்சா ஹூட்தான் முதல்ல அடி வாங்கும், சாரல்லயும் பாதிய அதுவே தடுத்துடும்.

போலரைசர் வேற கதை. பாறை, இலை மேல இருக்கிற ஈரப் பளபளப்பை எடுக்கும், ஒகேனக்கல்ல நல்ல உபயோகம். உங்க 18-55-க்கும் 55-250-க்கும் ஃபில்டர் அளவு ஒண்ணேதான், 58 மி.மீ., ஒண்ணு வாங்கினா ரெண்டுக்கும் ஆச்சு. எஸ்டிஎம்ல முன்கண்ணாடி சுத்தாததால போலரைசர் திருப்பின இடத்துலயே நிக்கும். ஒன்றரை ரெண்டு ஸ்டாப் வெளிச்சம் குடிக்கும்கிறதால பரிசல் எடுக்கும்போது கழட்டிடுங்க.

தகடூர்_ஒளி

ஒகேனக்கல் பற்றி. கிளம்பும் முன் நீர்வரத்து எத்தனை கனஅடி என்று செய்தியில் பாருங்கள். வரத்து கூடினால் பரிசல் நிறுத்திவிடுவார்கள், நடைபாதைக்கும் தடை போடுவார்கள். வெறும் கரையை எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

இந்த லென்ஸுக்கோ 1500டி-க்கோ தண்ணீர் தடுப்பு எதுவும் கிடையாது. மெயின் அருவி பக்கம் சாரல் காற்றோடு வரும். ஜூமை வெளியே இழுத்தால் உள்குழாய் நனையும், திரும்ப உள்ளே தள்ளும்போது அந்த ஈரம் லென்ஸுக்குள் போகும். அங்கேதான் ஃபங்கஸ் பிறக்கிறது. ஆகவே பாலத்துக்குப் போகும் முன்பே லென்ஸை மாட்டிவிடுங்கள், அங்கே நின்று மாற்றாதீர்கள். ஒரு தெளிவான பாலித்தீன் பையில் ஹூட் அளவுக்கு ஓட்டை போட்டு, ஹூட்டின் மேல் ரப்பர் பேண்டால் கட்டி, பின்பக்கம் கையை விட்டுக்கொண்டால் போதும். எடுத்து முடித்ததும் மடக்கும் முன் உள்குழாயை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். கண்ணாடியில் விழுந்த துளியைக் காய விட்டால் உப்புக் கறை படியும், உடனே ஒற்றிவிட வேண்டும், தேய்க்கக் கூடாது.

ஏசி காரில் யாராவது அழைத்துப்போனால், இறங்கியதும் பையைத் திறக்காமல் இருபது முப்பது நிமிடம் விடுங்கள். சில்லிட்ட கண்ணாடியில் ஈரக்காற்று பட்டால் வெளியே மட்டும் இல்லை, உள்ளேயும் வேர்க்கும்.

பரிசலை எடுக்க டிவி மோடில் (ஷட்டர் வேகத்தை நாம் வைக்கும் மோடு) 1/1000, ஆட்டோ ஐஎஸ்ஓ, உச்சவரம்பு 3200. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 400-லேயே எஃப் 8-ல் 1/1600 கிடைக்கும், கவலையில்லை. மேகமூட்டம் என்றால் அதே ஐஎஸ்ஓ-வில் எஃப் 5.6-ல் 1/400 அளவுக்கு இறங்கிவிடும், அப்போது ஐஎஸ்ஓ 1000-ஐத் தாண்டும். பரிசலில் உட்கார்ந்துகொண்டு எடுப்பதாக இருந்தால் 250-ஐ மறந்துவிடுங்கள். அது சுற்றும், நீங்களும் சுற்றுவீர்கள், கிட் லென்ஸே போதும். குரங்குகளையும் கவனியுங்கள், தொங்கும் லென்ஸ் மூடியைத் தின்பண்டம் என்று நினைத்துப் பிடுங்கும். தீர்த்தமலைப் படியிலும் இதே கதைதான்.

எருது விடும் விழா: 1500டி விநாடிக்கு 3 படம்தான் எடுக்கும். எருது விநாடிக்கு 10 மீட்டர் ஓடினால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே மூன்று மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. தொடர்ந்து அமுக்கிக்கொண்டே இருந்தால் நல்ல கணம் இடைவெளியில் விழுந்துவிடும். அதனால் இடத்தை முன்பே தீர்மானியுங்கள். தடுப்புக்கு வெளியே, மேடான இடத்தில், எருது உங்களை நோக்கிக் கொஞ்சம் சாய்வாக வரும்படி நில்லுங்கள். ஃபோகஸ் ஏஐ சர்வோ (நகரும் பொருளைத் தொடரும் முறை), ஒன்பது புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டும். அது ஒன்றுதான் குறுக்கு வகை (நெடுக்குக் கோடு, கிடைக்கோடு இரண்டையும் பிடிக்கும்), மற்ற எட்டும் புழுதியில் தடுமாறும். எருதின் திமிலில் வைத்துத் தொடர்ந்து வந்து, நினைத்த இடத்தில் ஒரு அமுக்கு. 1/1250, எஃப் 5.6. ஜூமை 135-லிருந்து 180-க்குள் வைத்தால் கொம்பு வெட்டுப்படாது, 250-ல் பாதி எருதுதான் கிடைக்கும். தெருப் புழுதியில் லென்ஸ் மாற்ற வேண்டாம், ஜூமைப் பம்ப் மாதிரி இழுத்து அடிக்கவும் வேண்டாம், காற்றோடு தூசியும் உள்ளே போகும். வீட்டுக்கு வந்ததும் முதலில் ஊதி, பிறகு பிரஷ், கடைசியில்தான் துணி. எடுத்ததும் துணியைப் போட்டால் மணல் கண்ணாடியைக் கீறிவிடும்.

கோபுரத்துக்கு: கிட்டே நின்று அண்ணாந்து எடுத்தால் சிற்பத்தின் தாடைதான் தெரியும். 15 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிற்பத்தை 15 மீட்டரில் நின்று பார்த்தால் 45 டிகிரி. 50 மீட்டர் பின்னால் போனால் 17 டிகிரிதான், முகம் முகமாக வரும். காலை அல்லது மாலைச் சாய்வு வெயிலில், எஃப் 8, ஸ்டெபிலைசர் ஆன். ட்ரைபாடில் வைத்தால் மட்டும் ஆஃப். அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் ஓவியங்களுக்கு இந்த லென்ஸை எடுத்துப் போகாதீர்கள். உள்ளே வெளிச்சம் போதாது, அங்கே 50 மி.மீ. எஃப் 1.8 வேண்டும். அனுமதி கேட்டு, ஃப்ளாஷ் இல்லாமல்.

அரூர்_நிக்கான்

நடுவுல வர்றேன், மன்னிக்கணும். என்கிட்ட நிக்கான் டி5300 இருக்கு, இதே பட்ஜெட், இதே வேலை. எனக்கு எது?

ஓசூர்_ஷட்டர்

ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 விஆர், 415 கிராம், இதுவும் 58 மி.மீ. ஃபில்டர்தான். ரெண்டு விஷயம் பார்த்துக்குங்க. அதே உருவத்துல விஆர் இல்லாத ஒண்ணும் இருக்கு, பேர்ல விஆர்னு எழுதியிருந்தாத்தான் ஸ்டெபிலைசர். லென்ஸ் மேல சுவிட்ச் எதுவும் கிடையாது, அதனால எழுத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். ரெண்டாவது, உங்க டி5300-க்கு ஃபர்ம்வேர் (கேமராவோட உள் சாஃப்ட்வேர்) புதுசு போட்டுட்டு மாட்டுங்க, இல்லேன்னா ஃபோகஸ் தகராறு பண்ணும். டி90, டி3000 மாதிரி பழைய பாடில இது ஃபோகஸே ஆகாது, அதுல எல்லாம் ஏஎஃப்-எஸ் 55-200 விஆர் டூ பாருங்க. அது 300 கிராம்தான், மடக்கி வெக்கலாம்.

சோனி ஏ6000 வகையறா யாராவது கேட்பீங்கன்னா: ஈ 55-210 ஓஎஸ்எஸ், 345 கிராம். சோதனை முறை எல்லாத்துக்கும் பெரும்பாலும் மேல சொன்னதேதான்.

மாந்தோப்பு_கிளி

ஒண்ணு சேர்த்துக்கிறேன். அஞ்செட்டி வழியா ஒகேனக்கல் போற ரோடு காடு, காவிரி வடக்கு சரணாலயம் அந்தப் பக்கம்தான். புது ஜூம் வாங்கின ஜோர்ல யானையைப் பார்த்துட்டு பைக்கை நிறுத்தி லென்ஸ் மாத்திக்கிட்டு நிக்காதீங்க. மூணு மீட்டர் உயர யானை 250-ல ஃப்ரேம் உயரம் முழுக்க நிறையுதுன்னா அது உங்ககிட்ட இருந்து 50 மீட்டர்லதான் இருக்குன்னு அர்த்தம். அந்தத் தூரத்துல பைக்கை ஸ்டார்ட் பண்ணவே நேரம் போதாது.

பென்னாகரம்_பஸ்

ஓசூரில் ஒருவர் எஸ்டிஎம் வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறேன். சேமித்து வைக்க டிரை கேபினட் வாங்கணுமா? அரிசி டப்பாவில் போட்டு வைக்கலாம் என்கிறார்களே?

தகடூர்_ஒளி

அரிசி வேண்டாம், மாவுத் தூசி உள்ளே போகும். நம்ம ஊர் காற்று கடற்கரை ஊர் மாதிரி ஈரமில்லை, கேபினட் அவசியமில்லை. ரப்பர் வளையம் வைத்த காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நிறம் மாறும் வகை சிலிக்கா ஜெல் 100 கிராம் துணிப் பையில், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். முள் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். 30-க்குக் கீழே போனால் ஜெல்லைக் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். நிறம் மாறியதும் ஜெல்லைத் தட்டில் பரப்பி, மின்சார ஓவனில் 110 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் காயவைத்து, ஆறிய பிறகு திரும்பப் போடலாம். சமையல் பாத்திரத்தில் வறுக்க வேண்டாம், நீல வகையில் கோபால்ட் உப்பு இருக்கும். லெதர் கேஸிலோ கேமரா பையிலோ மாசக்கணக்கில் மூடி வைக்காதீர்கள், அந்தத் துணிதான் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை போகும்போது இன்னொன்றும் பாருங்கள். 250-ல் எஃப் 5.6-ல் ஒரு விளம்பரப் பலகை எழுத்தை வியூஃபைண்டர் வழியாக ஃபோகஸ் செய்து ஒன்று, லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து) ஃபோகஸ் செய்து ஒன்று. லைவ் வியூ படம் மட்டும் கூர்மையாக வந்தால் லென்ஸும் பாடியும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். 1500டி-யில் அதை நாமே திருத்திக்கொள்ளும் மெனு கிடையாது, இரண்டையும் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பித்தான் சரிசெய்ய வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். அவர் இறங்கி வராவிட்டால் அடுத்த லென்ஸைப் பாருங்கள், இந்த மாடல் சந்தையில் நிறையவே சுற்றுகிறது.